பிறவிச் சைவன் ஊர்வலம் போன கதை

இது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரியும்படியே வந்துகொண்டிருந்தது, அதனால் அழித்துவிடுவேன். இந்த முறை வருவது வரட்டும்.

அப்போது நியூ ஜெர்சியில் குடியிருந்தேன், வேலை மன்ஹாட்டனில். அலுவலகத்தில் ஒரு நண்பர் நெப்ராஸ்காக்காரர். அப்பா, தாத்தா எல்லாரும் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்கள். இவர் கல்லூரி நாளில் இறைச்சியை விட்டு, அப்புறம் பால், முட்டை, தேன் என்று ஒவ்வொன்றாக விட்டு, முழு வீகனாகிவிட்டவர். அதற்காக அவருடைய அப்பா அவரோடு சரியாகப் பேசியே வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் மதியம் என் டப்பாவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாகச் சைவம் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றேன். பெற்றோர்? அவர்களும். அவர்களுடைய பெற்றோர்? அவர்களும்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான், எங்கள் ஆட்களே அப்படி என்றேன். மனிதர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். ஏதோ ராஜ வம்சத்து வாரிசு எதிரில் உட்கார்ந்து நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்பது போல ஒரு பார்வை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் இருக்கிறது, நீ வந்தே ஆகவேண்டும், முதல் வரிசையில் நடக்கவேண்டும் என்றார். டப்பாவில் இருந்தது தயிர்சாதம். அதை அவர் கவனித்தார் என்பதும், கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

ஊர்வலத்தின் பெயர் வெஜ்ஜி பிரைட் பரேடு, அதாவது சைவப் பெருமை ஊர்வலம். பாரிஸில் 2001-ல் தொடங்கியது. ஒருபாலின ஈர்ப்பாளர்களின் பிரைட் ஊர்வலத்தை மனதில் வைத்துச் செய்தது. நம்மைக் கேலி செய்கிறார்கள், சாப்பாட்டு மேஜையில் கிறுக்கர்கள் என்கிறார்கள், சரி, நாங்கள் கிறுக்கர்கள்தான், தெருவில் வந்து நிற்கிறோம் பாருங்கள் என்கிற தோரணை. அதைப் பார்த்து பமேலா ரைஸ் என்கிற பெண்மணி நியூயார்க்கில் 2008-ல் ஆரம்பித்தார். நண்பர் இதையெல்லாம் விளக்கியபோது நான் தலையாட்டிக்கொண்டே ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். சைவமாக இருப்பதற்கு ஒருவனைக் கேலி செய்வார்களா? எங்கள் ஊரில் அதற்காக நாற்காலி போட்டல்லவா உட்கார வைப்பார்கள்?

கொக்கிகள் தொங்கிய தெரு

ஊர்வலம் புறப்பட்ட இடம் மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட், மன்ஹாட்டனின் பழைய இறைச்சிப் பேட்டை. வேண்டுமென்றே அந்த இடம். 1900 வாக்கில் அந்தப் பேட்டையில் மட்டும் ஆடுமாடு வெட்டும் கூடங்களும் இறைச்சி பதப்படுத்தும் இடங்களுமாகச் சுமார் 250 இருந்தன. தெருவுக்கு மேலே தூண்களில் ஒரு ரயில் பாதை, 1934-ல் ஓடத் தொடங்கியது, கட்டடங்களுக்கு உள்ளேயே நுழைந்து இறைச்சியும் பாலும் இறக்கிவிட்டுப் போகும். 1980-ல் அதில் கடைசியாகப் போன ரயிலில் இருந்தது மூன்று பெட்டி உறைந்த வான்கோழி. அப்புறம் புல் முளைத்துக் கிடந்த பாதையை 2009-ல் ஹைலைன் என்ற பூங்காவாகத் திறந்தார்கள். இப்போது கீழே கல் பாவிய தெருவில் கைப்பைக் கடை, வாசனைத் திரவியக் கடை, ஒரு காபிக்கு உயிரை எடுக்கும் கடைகள். நான் போனபோது ஒன்றிரண்டு கட்டடங்களின் இரும்புத் தாழ்வாரத்துக்குக் கீழே மாட்டின் முழு உடலைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போகும் தண்டவாளம் அப்படியே இருந்தது. அதன் அடியில் நின்று ஒரு ஜோடி கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருவைப் பார்த்ததும் எனக்கு அக்ரகாரம் ஞாபகம் வந்தது. சத்தியமாக. அந்தத் துடைத்துவிட்ட சுத்தம். ரத்தம் ஓடிய தெரு சைவமாகிவிட்டது, ஊரில் யாரும் இறைச்சியை விட்டுவிடவில்லை. வெட்டுவது எங்கேயோ கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். என் நண்பரின் ஊர்ப்பக்கம்தான் போயிருக்கிறது, வேறெங்கே. அன்றைக்கு இதை இவ்வளவு கோர்வையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஏதோ இடறியது, ஊர்வலம் கிளம்பிவிட்டது, நடந்தேன்.

ஊர்வலம் என்றதும் நான் எதிர்பார்த்தது கோஷம், துண்டுப் பிரசுரம், கடுகடு முகங்கள். இது கிட்டத்தட்டத் தேர்த் திருவிழா. பச்சைப் பட்டாணியாக உடுத்திய ஒருவர், கேரட்டாக ஒருவர், ஒரு வாழைப்பழம், ஒரு கோழி, மேளம். எனக்கு முதலில் கூச்சம். உயிர் போகிற விஷயத்துக்கு வாழைப்பழ வேஷமா என்று தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும் அது சரியான தந்திரம்தான் என்று பட்டது, ஏனென்றால் ஓட்டல் வாசலில் பர்கர் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாழைப்பழத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரித்த வாயோடு பின்னால் வரும் அட்டையைப் படித்தார்கள். அட்டையில் சிரிக்க ஒன்றும் இல்லை. சமையலறையின் பின்கதவு வழியாகக் குப்பையைப் போட வந்த ஆட்கள், பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள், கையைத் துடைத்தபடி நின்று பார்த்தார்கள். இறைச்சியைக் கையால் தொடுபவர்கள் அந்தத் தெருவில் அவர்கள் மட்டும்தான். அவர்கள் கையில் ஒருவரும் பிரசுரம் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அங்கே அறிமுகம் செய்துகொள்வதே ஒரு கேள்விதான்: எத்தனை வருஷம்? பதினொரு வருஷம், ஆறு வருஷம். ஒரு பையன் நான்கு மாதம் என்றான், சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். என் முறை வந்தது. பிறந்ததிலிருந்து என்று சொன்னேன், அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. கேட்டவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கண்ணை விரித்து, பிறந்ததிலிருந்தே பால்கூடக் குடித்ததில்லையா என்றார். பாலில்லாமல் எப்படி என்று சிரித்தேன். காலையில்தான் அரை லிட்டர் பாலில் காபி போட்டுக் குடித்துவிட்டு ரயில் ஏறியிருந்தேன். அவர் வாதாடவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. என் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். பரீட்சையில் தவறிய பையனைத் தட்டுவது போல. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆயிரம் வருஷமாக மாமிசம் தொடாத குடும்பம் எங்களுடையது, நேற்று வரைக்கும் பன்றிக்கறி தின்ற கூட்டம் எனக்கு மார்க் போடுகிறதா?

செவலையின் கன்று

அந்தக் கோபத்தோடு ஆறாவது அவென்யூ சிக்னலில் நின்றபோது எனக்கு முன்னால் பசு வேஷத்தில் ஒரு பெண். கையில் கன்றுக்குட்டி பொம்மை, பஞ்சு அடைத்தது, காதில் மஞ்சள் அட்டை. விளக்கு மாறுவதற்காகக் காத்திருந்தபோது, குழந்தையை வைத்துக்கொள்வது போல அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அதன் நான்கு கால்களும் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தன.

அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீடு. பின்கட்டில் தொழுவம், அதில் செவலை என்று ஒரு பசு. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும், கோடை விடுமுறை. செவலை கன்று போட்டது, காளைக்கன்று. சீம்பாலில் ஆச்சி கருப்பட்டி போட்டு வேகவைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும். பால் கறக்க ஒரு கோனார் தாத்தா வருவார். கன்றை அவிழ்த்துவிடுவார், அது போய் மடியில் முட்டும், செவலை சுரந்துவிடும், நாலு வாய் குடிப்பதற்குள் இழுத்து எதிரில் கட்டிவிட்டுக் கறப்பார். கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். ஏன் தாத்தா அதுக்கு இன்னும் கொஞ்சம் விடக்கூடாதா என்று கேட்டேன். காளைதானடே, அது குடிச்சு என்ன செய்யப் போவுது என்றார். கிடாரியாக இருந்தால் இரண்டு காம்பு விடுவாராம். அந்தக் கன்று இருபது நாளோ என்னவோ இருந்தது. சீக்கு வந்து செத்துப்போச்சு என்று எனக்குச் சொன்னார்கள்.

செத்ததைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வந்தார். முன்வாசல் வழியாக அல்ல, வாய்க்கால் பக்கத்துப் படலைத் திறந்துகொண்டு. ஆச்சி தூரத்தில் நின்றே பேசினாள். மூன்றாம் நாள் அவர் திரும்ப வந்தபோது தோளில் கன்று இருந்தது. உயிர் வந்துவிட்டது என்று ஓடினேன். தோலை உரித்து உப்புத் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, காலுக்கு நான்கு மூங்கில் குச்சி. கண் இருந்த இடத்தில் தையல். கோனார் தாத்தா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ச் செவலையின் முகத்துக்கு எதிரில் நிறுத்தினார். அது மோந்து பார்த்தது. அப்புறம் நக்க ஆரம்பித்தது. நக்க நக்க மடியில் பால் இறங்கியது. தாத்தா இந்தப் பக்கம் உட்கார்ந்து செம்பில் சர்ரு சர்ரென்று கறந்துகொண்டிருந்தார். நான் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு உள்ளே போய் ஆச்சி ஆற்றிக் கொடுத்த பாலைக் குடித்தேன். அழுதேனா, குடிக்கமாட்டேன் என்றேனா என்றால் இல்லை. குடித்தேன். விடுமுறை முடியும் வரை தினம் இரண்டு வேளை.

இந்தக் காட்சி எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொல்ல முடியாது. ஞாபகத்தில் இருந்தது, கிராமத்துக் கதைகள் என்ற பெட்டியில். ஓணான் பிடித்தது, கிணற்றில் விழுந்தது, வைக்கோல் கன்று. நண்பர்களிடம் சுவாரசியமாகச் சொல்லியும் இருக்கிறேன். சைவம் என்ற பெட்டி வேறு. ஒன்றின் சரக்கு மற்றதற்குள் போனதே இல்லை. அந்தச் சிக்னலில் இரண்டும் சேர்ந்து விழுந்தன. செத்த கன்றைத் தூக்கிச் சுமந்து, தோல் உரித்து, அந்தக் கறியையும் தின்றிருக்கக்கூடிய ஒருவருடைய கை இல்லாமல் எங்கள் வீட்டுக் காபி இல்லை. அவரைத் திண்ணையில் ஏற்ற மாட்டோம், காரணம் கேட்டால் அவர் அசைவம், செத்த மாட்டைத் தொடுகிறவர். எங்கள் சைவத்துக்கு வேண்டிய சாவை அவர் தலையில் கட்டிவிட்டு, அந்தச் சாவுக்காகவே அவரைப் படலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தோம். கன்று செத்ததைவிட இதுதான் எனக்கு இன்றுவரை விழுங்க முடியாமல் இருக்கிறது.

ஆச்சி வீடு ஏதோ விதிவிலக்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதன்பின் வந்த 2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள், நாட்டில் பசு இனத்தில் 19 கோடிச் சொச்சம், அதில் பெண் மாடு 14.5 கோடி, ஆண் மாடு 4.7 கோடி. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய பாதிப்பாதிதான். மீதி எங்கே? ஏர் ஓட்டிய காலத்தில் காளைக்கு ஒரு வேலை இருந்தது. டிராக்டர் வந்தபின் அதுவும் போயிற்று. மலிவு என்று சொல்ல 'அடிமாட்டு விலை' என்கிறோமே, அந்தச் சொல்லில் ஒரு மாடு இருக்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, துணிக்கடையில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

காந்தியும் ஆட்டுப்பாலும்

ஊர்வலம் முடிந்த இடம் யூனியன் ஸ்கொயர். மேடை, பேச்சு, சாப்பாட்டுக் கடைகள். நான் மட்டும் நழுவித் தென்மேற்கு மூலைக்குப் போனேன், அங்கே காந்தி சிலை இருக்கிறது, 1986-ல் வைத்தது, கம்பு ஊன்றி நடக்கிற காந்தி. ஊர் நினைப்பு வந்தால் அங்கே போய் உட்காருவது வழக்கம். அன்றைக்குப் பார்த்து எனக்கு அவருடைய பால் விவகாரம் நினைவுக்கு வந்தது. 1912-ல் தென்னாப்பிரிக்காவில், டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். கல்கத்தாவில் கடைசிச் சொட்டு வரைக்கும் கறக்க மாட்டுக்குச் செய்யும் கொடுமையைப் படித்ததும் ஒரு காரணம். 1918-ல் சீதபேதியில் சாகக் கிடந்தபோது டாக்டர் பால் குடித்தே ஆகவேண்டும் என்கிறார், இவர் முடியாது என்கிறார். கஸ்தூர்பா தான் வழி சொல்கிறார்: நீங்கள் சபதம் எடுத்தது பசுவையும் எருமையையும் நினைத்துத்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே. குடித்தார். பிழைத்தார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டு அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று தானே எழுதி வைத்தார், கடைசிவரைக்கும் அது அவரை உறுத்தியது.

எனக்கு அந்த உறுத்தல்மேல் பொறாமையாக இருந்தது. அவர் ஒன்றை விட்டார், தோற்றார், தோற்றதைக் கணக்கில் எழுதினார். நெப்ராஸ்கா நண்பர் அப்பாவையே இழந்திருக்கிறார். நான்கு மாதப் பையனுக்குக் கை தட்டியது அதனால்தான். நான் எதை விட்டேன்? வாயில் வைத்தே பார்க்காத ஒன்றைத் தின்னாமல் இருப்பதற்கு முதல் வரிசையா?

பெருமை என்ற சொல்லும் தமிழில் போட்டால் வேறாகிவிடுகிறது. 2014-ல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். மிச்சம் இருக்கிற கையளவு ஆட்கள்தான் நாங்கள். அந்தக் கையளவுக்காகத்தான் 'சைவம் மட்டும்' என்ற பலகைகள். படிப்பு முடிந்து சென்னையில் நானும் நண்பன் ஒருவனும் தனித்தனியாக வீடு தேடிக்கொண்டிருந்தோம், முதலில் அவன் போய்ப் பார்த்த வீடு, மேற்கு மாம்பலத்தில். சாப்பாடு எப்படி என்று கேட்டு, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு நான் போனேன், ஊர் பேர் சொன்னேன், சாவி கிடைத்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா? வாடகை குறைவுடா என்றேன். மெரினாவில் 'சைவப் பெருமை' என்று பதாகை பிடித்து யாராவது ஊர்வலம் போனால் நான் போகமாட்டேன். அது கன்றுக்காகப் போகிற ஊர்வலம் இல்லை, அந்தச் சாவிக்காகப் போவது. பாரிஸில் கேலிக்கு ஆளானவர்கள் வைத்துக்கொண்ட பெருமையும் எங்கள் வீட்டுப் பெருமையும் ஒரே எழுத்தில் இருந்தாலும் ஒரே பொருள் இல்லை. வீகனுக்குத் தமிழில் நனிசைவம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அழகான சொல்தான், ஆனால் கேட்டால் எங்கள் ஏணியிலேயே இன்னும் ஒரு படி மேலே என்பது போல இருக்கிறது. எனக்கு வீகன் போதும்.

காபி

அன்று முதல் பாலை விட்டேன் என்று எழுத ஆசைதான். ஆறு மாதம் ஆயிற்று. தயிரை விட்டதுகூட எளிதாக இருந்தது. முந்திரியை அரைத்து, மிளகாய்க் காம்பு இரண்டு போட்டு உறையவைத்தால் மோசமில்லாத ஒன்று வருகிறது. காபிதான் கொன்றது. சோயா பாலை டிகாஷனில் ஊற்றினால் திரிந்து போகும். ஓட்ஸ் பால் வந்தபின் கொஞ்சம் சமாளித்தேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது, முதலில் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, செவலை கன்று ஞாபகம் இருக்கா என்றேன். சற்று நேரம் பேசவில்லை. அதை ஏம்ப்பா இப்போ நினைச்சுக்கிட்டு, எல்லா வீட்லயும் அப்படித்தான் என்றாள். பிறகு தானாகவே, ஆச்சி அந்தப் பக்கம் போகவே மாட்டா, கறக்குற நேரத்துக்குச் சரியா பூஜை அறைக்குள்ள போயிருவா என்றாள். ஊருக்குப் போனால் கோயில் பிரசாதத்தில் நெய் வழியும், நான் இன்னும் கை நீட்டித்தான் வாங்கிக்கொள்கிறேன், அதையும் கணக்கில் எழுதிவிடுகிறேன். மாம்பலத்து நண்பனிடமும் ஒருநாள் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, பாலை விட்டுட்ட சரி, வீட்டை விடலயேடா என்றான்.

அடுத்த வருஷமும் ஊர்வலத்துக்குப் போனேன், முதல் வரிசையில் இல்லை, நடுவில் எங்கேயோ. தமிழில் ஒரு அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு போனேன்: 'கன்றின் பால் கன்றுக்கு'. யாருக்குப் புரியப்போகிறது, வீம்புதான். யூனியன் ஸ்கொயர் நெருங்கும்போது நடைபாதையிலிருந்து, இங்க பாருங்க தமிழு என்று ஒரு குரல். சேலத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த அம்மாவும் அப்பாவும், கூட மகன். பெரியவர் அட்டையை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். அருமையான வாசகம் சார் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு புல்லரிப்பு. பக்கத்தில் நல்ல சைவ ஓட்டல் இருக்கா சார், இங்க எதை நம்பிச் சாப்பிடறதுன்னே தெரியல என்றார்.

இருந்தது. லெக்சிங்டன் அவென்யூவில் நடந்து போகும் தூரத்தில் நம்மூர் ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. வழி காட்டப் போனவனை விடவில்லை, நீங்களும் உட்காருங்க சார் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார் பெரியவர். அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். எனக்கு எண்ணெய் தோசை சொல்லிக்கொண்டேன். அவர் என்னைக் கேட்காமலே எல்லோருக்கும் ஃபில்டர் காபி சொல்லிவிட்டார். டபராவோடு வந்தது, நுரை ததும்ப. ஊர், மழை, விலைவாசி என்று பேச்சுப் போய்க்கொண்டே இருந்தது, நான் அதைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை படிந்துவிட்டது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு சர்வரைக் கூப்பிட்டார்.

"சாருக்குக் காபி ஆறிடுச்சு பாருங்க, சூடா வேற ஒண்ணு கொண்டாங்க."